பதின்மூன்று மணி நேரமும் ஒரு வாரமும்: வாசகர் கேள்வி–பதில்

ஒதுக்குப்புறத் தீவுகளிலும் துருவப் பகுதிகளிலும் உள்ள விமான நிலையங்களுக்கு இடையேயான தூரம், பறக்கும் நேரம் ஆகியவை பற்றி வாசகர்கள் எழுதிய கடிதங்களில், ஒன்றோடொன்று தொடர்புடைய சிலவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: ஐயா, பசிபிக் பெருங்கடலிலுள்ள ஈஸ்டர் தீவின் மாதாவெரி விமான நிலையத்துக்கும் தென் அட்லாண்டிக்கிலுள்ள செயின்ட் ஹெலினா தீவின் விமான நிலையத்துக்கும் இடையே 10,506 கிலோமீட்டர் என்றும், பறக்கும் நேரம் 12 மணி 52 நிமிடம் என்றும் ஓர் இணையக் கணிப்பான் காட்டுகிறது. இந்த எண்களை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: தூரத்தை நம்பலாம். நேரத்தை நம்ப வேண்டாம். அந்த 52 நிமிடத்தைக் கண்ணெடுத்தும் பார்க்க வேண்டாம்.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். மாதாவெரி விமான நிலையம் தெற்கு அட்சரேகை 27.16 பாகையிலும் மேற்குத் தீர்க்கரேகை 109.42 பாகையிலும் அமைந்துள்ளது. செயின்ட் ஹெலினா விமான நிலையத்துக்கு இதே அளவுகள் தெற்கு 15.96, மேற்கு 5.65 ஆகும். பூமியை 6,371 கிலோமீட்டர் ஆரமுள்ள உருண்டையாகக் கொண்டு, அதன் மேற்பரப்பில் இவ்விரு புள்ளிகளையும் இணைக்கும் மிகக் குறுகிய வில்லை எடுத்துக்கொண்டால், அந்த வில் பூமியின் மையத்தில் 94.5 பாகைக்குச் சற்றே குறைந்த கோணத்தை உண்டாக்குகிறது. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கினால் தாங்கள் குறிப்பிட்ட எண்ணே கிடைக்கும். இது வடிவியல் கணக்கு என்பதால், விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் இந்த விடை மாறுவதில்லை.

நேரத்தின் கதை வேறு. இத்தகைய கணிப்பான்களில் பல, தூரத்தை மணிக்கு 850 கிலோமீட்டர் என்ற ஒரே வேகத்தால் வகுத்து, மேலேறவும் கீழிறங்கவும் அரை மணி நேரத்தைக் கூட்டி விடையைச் சொல்லிவிடுகின்றன. 10,506-ஐ 850-ஆல் வகுத்துப் பாருங்கள். 12 மணி 22 நிமிடம் வரும். அதனுடன் 30 நிமிடத்தைச் சேர்த்தால் தங்கள் கணிப்பானின் 12 மணி 52 நிமிடம் வந்துவிடுகிறது. அதாவது காற்று, விமானத்தின் வகை, ஓடுபாதையின் நீளம், வழியில் மாற்று விமான நிலையம் உண்டா இல்லையா என்ற எதையும் கேட்காமலேயே நிமிடக் கணக்கு வரை துல்லியமாக ஒரு விடை தரப்பட்டிருக்கிறது. அந்தத் துல்லியம் வெறும் தோற்றமே.

இனி, இந்தப் பயணத்தை எந்த விமானம் செய்யும் என்று கேட்டால் நிலைமை தெளிவாகும். மாதாவெரியின் ஓடுபாதை 3,300 மீட்டருக்கும் நீளமானது. அமெரிக்க விண்வெளி ஓடங்கள் அவசரமாகத் தரையிறங்க நேர்ந்தால் பயன்படட்டும் என்று 1980-களில் நீட்டிக்கப்பட்ட ஓடுபாதை அது. அங்கே பெரிய விமானங்கள் தாராளமாக இறங்கலாம். செயின்ட் ஹெலினாவிலோ ஓடுபாதை ஏறத்தாழ 1,950 மீட்டர்தான். ஒரு பள்ளத்தாக்கைப் பாறைகளாலும் மண்ணாலும் நிரப்பி, கடலை நோக்கிய செங்குத்துச் சரிவின் விளிம்பில் அதை அமைத்திருக்கிறார்கள். அங்கே வழக்கமாகச் சென்று வரும் எம்ப்ரேயர் 190 வகை விமானம் ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் ஏறத்தாழ 4,500 கிலோமீட்டர் செல்லக்கூடியது. பத்தாயிரம் கிலோமீட்டர் செல்லக்கூடிய பெரிய விமானங்களோ அந்த ஓடுபாதைக்கு வருவதில்லை. ஆகவே இவ்விரு தீவுகளுக்கும் இடையே நேரடி விமானச் சேவை கிடையாது.

நடைமுறையில் செல்ல வேண்டுமானால் ஈஸ்டர் தீவிலிருந்து சிலியின் சாண்டியாகோவுக்கு 3,750 கிலோமீட்டர், அங்கிருந்து பிரேசிலின் சாவ் பாவ்லோவுக்கு 2,600, அட்லாண்டிக்கைத் தாண்டி ஜோகன்னஸ்பர்க்குக்கு 7,440, பிறகு மீண்டும் மேற்கே திரும்பிச் செயின்ட் ஹெலினாவுக்கு ஏறத்தாழ 3,700 என்று மொத்தம் 17,500 கிலோமீட்டர் அளவுக்குப் பறக்க வேண்டியிருக்கும். செயின்ட் ஹெலினாவைத் தாண்டி ஆப்பிரிக்கா வரை போய்விட்டு அதை நோக்கித் திரும்பி வருகிறோம் என்பதைக் கவனியுங்கள். வானில் இருக்கும் நேரம் மட்டுமே ஏறத்தாழ ஒரு நாள் ஆகிவிடும். அதற்கு மேல், செயின்ட் ஹெலினாவுக்கு விமானம் வாரத்துக்கு ஒருமுறையோ, பருவத்தைப் பொறுத்து இருமுறையோதான் செல்கிறது. ஜோகன்னஸ்பர்க்கில் அந்த விமானத்தைத் தவறவிட்டால் ஒரு வாரம்கூடக் காத்திருக்க நேரலாம். இப்படிப்பட்ட இடங்களுக்குப் பயண நேரத்தைத் தீர்மானிப்பது கால அட்டவணைதான். கிலோமீட்டர் அதற்குப் பிறகே வருகிறது.

கேள்வி: ஹொனலூலுவுக்கும் கிரிபாட்டி நாட்டைச் சேர்ந்த கிரிட்டிமாட்டி தீவுக்கும் இடையேயான தூரத்தை ஓரிடத்தில் 1,156 என்றும், வேறோரிடத்தில் 1,330 என்றும், இன்னும் இரண்டு இடங்களில் 2,140, 2,151 என்றும் பார்த்தேன். இவற்றில் எது சரி?

பதில்: நான்குமே சரிதான், அலகுகளைக் கவனிக்காததால்தான் குழப்பம். 1,156 என்பது கடல் மைல். 1,330 என்பது சாலைகளில் புழங்கும் சாதாரண மைல். மற்ற இரண்டும் கிலோமீட்டர். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர், ஒரு சாதாரண மைல் 1,609 மீட்டர். விமானிகளும் மாலுமிகளும் இன்றும் கடல் மைலை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் வசதிதான். அட்சரேகையில் ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு கலை, ஏறத்தாழ ஒரு கடல் மைலுக்குச் சமம். ஹொனலூலு வடக்கு 21.32 பாகையிலும், கிரிட்டிமாட்டி கிட்டத்தட்ட அதற்கு நேர் தெற்கே வடக்கு 1.99 பாகையிலும் இருக்கின்றன. இடைவெளி 19.33 பாகை, அதை அறுபதால் பெருக்கினால் 1,160. கணிப்பானே இல்லாமல் காகிதத்தில் போட்ட கணக்கு, சரியான விடைக்கு நான்கு கடல் மைல் அருகில் வந்துவிடுகிறது.

கிலோமீட்டரில் வரும் 11 கிலோமீட்டர் வேறுபாட்டுக்குக் காரணம் பூமியின் வடிவம். பூமி முழு உருண்டை அன்று. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவத்தில் 6,357 கிலோமீட்டர். இவ்வாறு துருவங்களில் சற்றே தட்டையான பூமியின் மேல் வடக்கு–தெற்காக ஒரு பாகை செல்வதற்கான தூரம் நிலநடுக்கோட்டை ஒட்டி 110.6 கிலோமீட்டராகவும், துருவத்தை ஒட்டி 111.7 கிலோமீட்டராகவும் இருக்கிறது. உருண்டை என்று கொள்ளும் எளிய சூத்திரம் எல்லா இடத்துக்கும் 111.2 என்ற ஒரே அளவைப் பயன்படுத்துவதால், நிலநடுக்கோட்டுக்கு அருகே வடக்கு–தெற்காகச் செல்லும் பாதையில் சற்றுக் கூடுதலாகக் காட்டுகிறது. தட்டையான வடிவத்தைக் கணக்கில் கொள்ளும் முறைகளில் 1975-இல் வெளியான வின்சென்டி சூத்திரம் பரவலாகப் பயன்படுகிறது; 2,140 என்பது அந்த வகைக் கணக்கின் விடை. பயணிக்கு இந்த அரை சதவீத வேறுபாட்டால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒரு நிமிடத்துக்கும் குறைவான பறப்பு அது.

இதைவிடப் பெரிய பிழை ஒன்றுக்கு இடமிருக்கிறது. கிரிட்டிமாட்டிக்குக் கிறிஸ்துமஸ் தீவு என்ற பெயரும் உண்டு. இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான இன்னொரு கிறிஸ்துமஸ் தீவும் இருக்கிறது. ஹொனலூலுவிலிருந்து அது ஏறத்தாழ 11,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஆகவே தீவின் பெயரை இடுவதைவிட விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை இடுவதே பாதுகாப்பு: பசிபிக் தீவுக்கு சி.எக்ஸ்.ஐ., இந்தியப் பெருங்கடல் தீவுக்கு எக்ஸ்.சி.எச்.

கேள்வி: உலக வரைபடத்தில் நேர்கோடு போட்டால் ஒரு தூரமும், கணிப்பான் காட்டும் வளைந்த பாதையில் அதைவிடக் குறைந்த தூரமும் வருவது எப்படி? வளைந்து சென்றால் தூரம் கூடத்தானே வேண்டும்?

பதில்: வளைந்திருப்பது பாதை அன்று, தட்டையான தாளில் விரிப்பதற்காக இழுத்து நீட்டப்பட்ட வரைபடம்தான் அதை வளைத்துக் காட்டுகிறது. இதற்குத் துருவப் பகுதியைப் போன்ற நல்ல எடுத்துக்காட்டு வேறில்லை.

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் உள்ள லாங்யியர்பியன் விமான நிலையத்தையும், அலாஸ்காவின் வடகோடியில் உள்ள, முன்பு பாரோ என்று அழைக்கப்பட்ட உட்கியாக்விக் விமான நிலையத்தையும் எடுத்துக்கொள்வோம். முதலாவது கிழக்குத் தீர்க்கரேகை 15.5 பாகையிலும், இரண்டாவது மேற்குத் தீர்க்கரேகை 156.8 பாகையிலும் இருக்கின்றன. சுவரில் மாட்டும் உலக வரைபடத்தில் ஒன்று நடுவிலும் மற்றொன்று இடது ஓரத்திலும் தெரியும். அங்கே அளவுகோலை வைத்துக் கோடு போட்டால், அது திசைகாட்டி காட்டும் திசையை மாற்றாமல் ஒரே கோணத்தில் செல்லும் பாதை. அதன் நீளம் ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர்.

இப்போது வரைபடத்தை ஒதுக்கிவிட்டு வட துருவத்தின் உச்சியிலிருந்து பூமியைப் பார்ப்பதாகக் கொள்ளுங்கள். லாங்யியர்பியன் துருவத்திலிருந்து 11.75 பாகை தள்ளி ஒரு பக்கத்தில் இருக்கிறது. உட்கியாக்விக் 18.72 பாகை தள்ளி, கிட்டத்தட்ட நேர் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. துருவம் வரை சென்று அப்படியே எதிர்ப்பக்கம் இறங்கினால் மொத்தம் 30.47 பாகை, அதாவது 3,388 கிலோமீட்டர். இரண்டையும் இணைக்கும் உண்மையான மிகக் குறுகிய பாதை 3,380 கிலோமீட்டர்தான். துருவத்தை மிதித்துவிட்டுச் செல்வதற்கும் அதற்கும் எட்டு கிலோமீட்டரே வித்தியாசம். வரைபடத்தின் நேர்கோட்டைவிட இது 1,600 கிலோமீட்டர் குறைவு. இந்தக் குறுகிய பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். வீட்டில் பூகோள உருண்டை இருந்தால் இரு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் தானாகவே துருவத்தை ஒட்டிப் போய் நிற்கும். நிலநடுக்கோட்டின் மீதே கிழக்கு–மேற்காகச் செல்லும் பாதையில் இந்த வேறுபாடு எழுவதே இல்லை.

இவ்விரு ஊர்களுக்கும் இடையே வழக்கமான விமானச் சேவை எதுவும் இல்லை. ஆனால் கண்டங்களுக்கு இடையே பறக்கும் பெரிய விமானங்கள் இதே தர்க்கப்படி ஆர்க்டிக்கின் மேல் செல்கின்றன. அங்கே காந்தத் திசைகாட்டி பயன்படாது. வெளிக்குளிரில் எரிபொருளின் வெப்பநிலையையும் விமானிகள் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜெட் ஏ–1 எரிபொருளின் உறைநிலை வரம்பு மைனஸ் 47 பாகை செல்சியஸ், அமெரிக்காவில் புழங்கும் ஜெட் ஏ வகைக்கு மைனஸ் 40. குறுகிய பாதை எப்போதும் வசதியான பாதையாக அமைவதில்லை.

கேள்வி: சாண்டியாகோவிலிருந்து ஈஸ்டர் தீவுக்குச் செல்ல ஐந்தரை மணி நேரம் வரை ஆகிறது, திரும்பி வர ஐந்து மணி நேரம்கூட ஆவதில்லை. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்வதால், மேற்கே போகும்போது நேரம் குறையத்தானே வேண்டும்? தலைகீழாக இருக்கிறதே?

பதில்: பூமி சுழலும்போது காற்று மண்டலமும் அதனுடன் சேர்ந்தே சுழல்கிறது. விமானம் அந்தக் காற்றுக்குள்தான் மிதக்கிறது என்பதால், ஈஸ்டர் தீவு விமானத்தை நோக்கி ஓடி வந்துவிடாது. நேரத்தை மாற்றுவது காற்று மண்டலம் தரையைவிடக் கூடுதலாக எவ்வளவு நகர்கிறது என்பதே. நடு அட்சரேகைகளில் விமானங்கள் பறக்கும் 9 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது. அதன் வேகமான பட்டைகளுக்கு ஜெட் காற்றோட்டம் என்று பெயர். வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் இடையேயான வெப்ப வேறுபாடும், பூமியின் சுழற்சியால் காற்று திசைதிரும்புவதும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. ஆக, பூமியின் சுழற்சிக்கு இதில் பங்கு உண்டு. தாங்கள் நினைத்த வழியில் இல்லை.

எண்களில் பார்த்தால் புரியும். காற்றுக்கு ஒப்பாக விமானத்தின் வேகம் மணிக்கு 850 கிலோமீட்டர் என்றும், மேற்கிலிருந்து வீசும் காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர் என்றும் கொள்வோம். தீவுக்குப் போகும்போது தரைக்கு ஒப்பான வேகம் 750. 3,750 கிலோமீட்டருக்குச் சரியாக ஐந்து மணி நேரம். திரும்பும்போது வேகம் 950. நேரம் 3 மணி 57 நிமிடம். ஏற்றம், இறக்கம், தரையில் ஊர்ந்து செல்வது ஆகியவற்றுக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரத்தை இவற்றோடு சேர்த்தால் அட்டவணையில் தாங்கள் காணும் நேரத்தை நெருங்கிவிடுகிறோம்.

போகும்போது இழந்ததை வரும்போது பெற்றுவிடுகிறோமே, கணக்கு நேராகிவிடாதா என்று கேட்கத் தோன்றும். நேராகாது. காற்றே இல்லாவிட்டால் போய்வர 8 மணி 49 நிமிடம் ஆகும். மேலே சொன்ன காற்றுடன் 8 மணி 57 நிமிடம் ஆகிறது. எதிர்க்காற்றில் விமானம் நீண்ட நேரம் இருக்கிறது, பின்காற்றில் குறைந்த நேரமே இருக்கிறது என்பதால், போய்வரும் பயணத்தில் காற்று எப்போதும் சிறிதளவாவது நேரத்தைத் தின்றுவிடும். பக்கவாட்டிலிருந்து வீசும் காற்றும் அப்படித்தான். விமானம் தன் மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பிவைத்துக்கொண்டு பறக்க வேண்டியிருப்பதால் முன்னோக்கிய வேகத்தில் ஒரு பங்கு குறைகிறது.

கேள்வி: சமோவாவிலிருந்து அமெரிக்கச் சமோவாவுக்குச் செல்லும் விமானம், புறப்பட்ட தேதிக்கு முந்தைய தேதியில் போய்ச் சேருவதாக அட்டவணை காட்டுகிறது. அச்சுப் பிழையா?

பதில்: பிழை அன்று. இடையே சர்வதேசத் தேதிக் கோடு செல்கிறது. சமோவா 2011 டிசம்பர் 30 என்ற நாளையே நாட்காட்டியிலிருந்து நீக்கிவிட்டு அந்தக் கோட்டின் மறுபக்கத்துக்கு மாறிக்கொண்டது. அமெரிக்கச் சமோவா மாறவில்லை. பலேயோலோ விமான நிலையத்திலிருந்து பாகோ பாகோவுக்கு 150 கிலோமீட்டர்தான். முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். கடிகாரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக 24 மணி நேரம். மேலே குறிப்பிட்ட ஹொனலூலு–கிரிட்டிமாட்டி பயணத்திலும் இதே வேடிக்கை உண்டு: இரண்டு இடங்களிலும் கடிகாரம் ஒரே மணியைக் காட்டும், நாட்காட்டி மட்டும் ஒரு நாள் மாறியிருக்கும். பறக்கும் நேரத்தை அறிய, புறப்பாட்டையும் வருகையையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழிப்பதே வழி.

கேள்வி: சுற்றிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் கடல், தீவில் ஒரே ஓடுபாதை. அருகில் சென்ற பிறகு வானிலை மோசமாகி இறங்க முடியாமல் போனால் விமானம் என்ன செய்யும்?

பதில்: இந்தக் கேள்விக்கான விடையைப் புறப்படுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த முடிவுதான் பல சமயம் பாதையையும் நேரத்தையும் பயணிகளின் எண்ணிக்கையையும் தீர்மானிக்கிறது.

வழக்கமான பயணத்தில் விமானம், சேருமிடம் வரைக்கான எரிபொருள், எதிர்பாராத செலவுக்கு ஒரு பங்கு, அங்கே இறங்க முடியாவிட்டால் மாற்று விமான நிலையத்துக்குச் செல்வதற்கான அளவு, அதற்கும் மேல் 30 நிமிடம் வட்டமிடுவதற்கான கடைசி இருப்பு ஆகியவற்றைச் சுமந்து செல்கிறது. ஈஸ்டர் தீவு போன்ற இடத்துக்கு மாற்று விமான நிலையம் என்று சொல்லத்தக்கது அருகில் எதுவும் இல்லை. ஆகவே பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகள், இத்தகைய தனித்த விமான நிலையத்துக்குச் செல்லும் ஜெட் விமானம், மாற்று நிலையத்துக்கான எரிபொருளுக்குப் பதிலாகச் சேருமிடத்தின் மேல் இரண்டு மணி நேரம் பறப்பதற்கு வேண்டிய எரிபொருளைக் கொண்டிருக்க வேண்டும் என்கின்றன. மழையோ மூடுபனியோ விலகும் வரை காத்திருக்கட்டும் என்பதே நோக்கம்.

அதோடு, வழியில் ஒரு புள்ளி குறிக்கப்படுகிறது. அதுவரை வந்த விமானம் புறப்பட்ட இடத்துக்கோ வேறொரு நிலையத்துக்கோ பாதுகாப்பாகத் திரும்ப முடியும். அதைத் தாண்டிவிட்டால் சேருமிடத்தில் இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தப் புள்ளியை நெருங்கும்போது விமானிகள் சேருமிடத்தின் வானிலையைக் கேட்டறிந்து, தொடர்வதா திரும்புவதா என்று முடிவெடுக்கிறார்கள். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து அண்டார்க்டிகாவின் மெக்மர்டோ ஆய்வு நிலையத்துக்குச் செல்லும் விமானங்கள் இப்படிப் பாதி வழியில் திரும்பிவிடுவது அவ்வப்போது நடப்பதே. ‘பூமராங்’ பயணம் என்று அதற்கு அங்கே பெயரே வைத்துவிட்டார்கள். அந்த வழித்தடத்தின் நீளம் ஏறத்தாழ 3,850 கிலோமீட்டர். சி–17 ஜெட் சரக்கு விமானத்துக்கு ஐந்து மணி நேரமும், பனிச்சறுக்குக் கட்டைகள் பொருத்திய எல்.சி.–130 விமானத்துக்கு எட்டு மணி நேரமும் ஆகின்றன. தூரம் ஒன்றே, நேரம் மூன்று மணி மாறுகிறது. பாதியில் திரும்பினாலோ பல மணி நேரம் பறந்துவிட்டு, புறப்பட்ட ஊரிலேயே இறங்க வேண்டியதுதான்.

இதனுடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு புள்ளி, சம நேரப் புள்ளி. முன்னே செல்வதற்கும் பின்னே திரும்புவதற்கும் ஒரே நேரம் ஆகும் இடம் அது. காற்று இல்லாவிட்டால் அது நடுவழியில் இருக்கும். காற்று வீசினால் எதிர்க்காற்று வரும் பக்கமாக நகரும். முன்பு பார்த்த எடுத்துக்காட்டில் சாண்டியாகோவிலிருந்து 1,875 கிலோமீட்டரில் நடுவழி வருகிறது. ஆனால் திரும்பினால் மணிக்கு 950 கிலோமீட்டர், தொடர்ந்தால் 750 கிலோமீட்டர் என்பதால் சம நேரப் புள்ளி ஏறத்தாழ 2,100 கிலோமீட்டரில் அமைகிறது. நடுவழியைத் தாண்டி இருநூறு கிலோமீட்டர் சென்ற பிறகும், ஒரு பயணிக்கு அவசர மருத்துவ உதவி வேண்டுமானால் சாண்டியாகோவுக்குத் திரும்புவதே விரைவான வழி. ஓர் எஞ்சின் பழுதானால் வேகமும் உயரமும் மாறும் என்பதால் அதற்கெனத் தனிக் கணக்கு உண்டு.

இரண்டு எஞ்சின் விமானங்களுக்கு மற்றொரு கட்டுப்பாடும் இருக்கிறது. ஓர் எஞ்சின் நின்றுவிட்டால் மீதமுள்ள ஒன்றைக் கொண்டு, அனுமதிக்கப்பட்ட நேரத்துக்குள் ஏதேனும் ஒரு விமான நிலையத்தை அடையக்கூடிய பாதையிலேயே அவை செல்ல வேண்டும். தொடக்கத்தில் இந்த வரம்பு 60 நிமிடம். 1985-இல் 120 நிமிடமாகவும், 1988-இல் 180 நிமிடமாகவும் உயர்ந்தது. 2014-இல் ஏர்பஸ் ஏ350 விமானத்துக்கு 370 நிமிடம் வரை அனுமதி கிடைத்தது. வரம்பு சிறியதாக இருந்த காலத்தில் இரண்டு எஞ்சின் விமானங்கள் தெற்குப் பெருங்கடல்களின் மேல் பெருவட்டப் பாதையை விட்டு விலகி, நிலங்களை ஒட்டி வளைந்து செல்ல வேண்டியிருந்தது. கணிப்பான்களுக்கு இந்த வளைவு தெரிவதில்லை.

செயின்ட் ஹெலினாவில் இவை அனைத்தும் ஒன்றுகூடுகின்றன. மலைச்சரிவில் மோதித் திரும்பும் காற்று ஓடுபாதைக்கு அருகே திடீரெனத் திசையும் வேகமும் மாறுவதால், 2016-இல் தொடங்க வேண்டிய பயணிகள் சேவை 2017 அக்டோபரில்தான் தொடங்கியது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து செல்லும் விமானம் நமீபியக் கடற்கரையின் வால்விஸ் பேயில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொள்கிறது. தீவில் இறங்க முடியாவிட்டால் ஆப்பிரிக்காவுக்கே திரும்பி வரும் அளவுக்கு எரிபொருள் தேவை என்பதே காரணம். அந்த எடைக்காக இருக்கைகளையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. தொடக்கத்தில் 76 பயணிகளை மட்டுமே ஏற்றினார்கள். 3,700 கிலோமீட்டரை 850-ஆல் வகுத்து ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்று கணிப்பான் சொல்லும் இந்தப் பயணத்துக்கு, நடைமுறையில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகிறது.

கேள்வி: மிகக் குறுகிய தூரங்களுக்கும் தூரத்தை வேகத்தால் வகுக்கும் முறை பொருந்துமா?

பதில்: அறவே பொருந்தாது. ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரு தீவுகளுக்கு இடையே 2.7 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு விமானச் சேவை இருக்கிறது. உலகின் மிகக் குறுகிய வழக்கமான விமானப் பயணம் இதுவே. சிறிய ஐலண்டர் விமானம் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் இந்தத் தூரத்தைச் சுமார் 40 நொடியில் கடந்துவிடும். அட்டவணையில் கொடுத்திருப்பது இரண்டு நிமிடம். காற்று சாதகமாக இருந்த நாளில் 53 நொடியில் முடித்ததே சாதனை. அந்த விமானம் முழு வேகத்தை எட்டுவதற்குள் இறங்கத் தொடங்கிவிடுகிறது. ‘அரை மணி நேரம் கூட்டுக’ என்ற கணிப்பான் விதியோ, இந்தப் பயணத்துக்கு 30 நிமிடத்தைத் தாண்டிய ஒரு விடையைத் தரும்.

தாங்களே தோராயமாகக் கணக்கிட விரும்பினால் முதலில் விமான வகையைத் தெரிந்துகொள்ளுங்கள். போயிங் 737, ஏர்பஸ் ஏ320 வகைகளுக்கு மணிக்கு ஏறத்தாழ 830 கிலோமீட்டர், ஏ.டி.ஆர். 72 போன்ற சுழல்விசிறி விமானங்களுக்கு 500, ஒதுக்குப்புற ஊர்களுக்கெல்லாம் உழைக்கும் ட்வின் ஆட்டருக்கு 300 என்று கொள்ளலாம். பிறகு, கிழக்கு–மேற்காக நீண்ட பாதையானால் காற்றுக்காகப் பத்தில் ஒரு பங்கு கூட்டியும் குறைத்தும் இரண்டு விடைகளாக எழுதிக்கொள்ளுங்கள். ஒற்றை எண்ணைவிட இந்த இடைவெளிதான் நேர்மையான விடை. ஸ்காட்லாந்தின் பாரா தீவுக்குச் செல்வதானால் இவை அனைத்தையும் விட்டுவிட்டுக் கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பாருங்கள். அங்கே ஓடுபாதை கடற்கரை மணல்தான், அலை ஏறும்போது அது நீருக்குள் போய்விடும்.

கேள்வி: செயின்ட் ஹெலினாவிலிருந்து டிரிஸ்டன் டா குன்யா தீவுக்கு விமானத்தில் மூன்றரை மணி நேரத்துக்குள் செல்லலாம் என்று அதே கணிப்பான் காட்டுகிறது. சேவை எத்தனை நாளுக்கு ஒருமுறை?

பதில்: டிரிஸ்டன் டா குன்யாவில் விமான நிலையமே இல்லை. செயின்ட் ஹெலினாவிலிருந்து அதன் தூரம் ஏறத்தாழ 2,440 கிலோமீட்டர் என்பது சரி; அட்சரேகையும் தீர்க்கரேகையும் கொடுத்தால் நடுக்கடலுக்குக்கூடக் கணிப்பான் பறக்கும் நேரம் சொல்லிவிடும். அந்தத் தீவுக்குக் கேப் டவுனிலிருந்து ஆண்டுக்குச் சில முறை மட்டுமே செல்லும் கப்பலில்தான் போக வேண்டும். ஏறத்தாழ 2,800 கிலோமீட்டர் கடல்வழி. ஒரு வாரம் ஆகும். எரிமலைத் தீவின் சிறிய துறைமுகத்துக்குள் பெரிய கப்பல்கள் நுழைய முடியாது என்பதால், அலை அடங்கும் வரை தீவின் முன்னே நங்கூரமிட்டுக் காத்திருக்கும் நாட்களைத் தனியாகக் கூட்டிக்கொள்ளுங்கள்.